கடைசிப் படகும் ஐஞ்சாவது பெயரும்

கெட்டது என்னாலதான், அம்புறோஸ். எங்கட பொம்பிளைப் பிள்ளையளின்ர கூடைப்பந்து அணியைத் தீவக லீக்கில இருந்து கழட்டி யாழ்ப்பாண லீக்கில சேர்த்தது நான். வேற ஒருத்தருமில்லை.

வலையைக் கீழ வையும். வைக்கமாட்டீரோ? சரி, வேலையைப் பார்த்துக்கொண்டே கேளும். தேத்தண்ணி வேண்டாம், நேரமில்லை. இண்டைக்கு நாலு மணிக்குள்ள லீக்குக்குப் பெயர்ப்பட்டியல் குடுக்கவேணும். ஐஞ்சு பேர் இல்லாட்டி அணியை வெட்டிப்போடுவாங்கள். என்னட்ட நாலு பேர்தான்.

ஏன் மாறினதோ? மடத்தனம். தீவக லீக்கில மூண்டே அணியள். அதுகளையே திருப்பித் திருப்பி வெண்டு என்ன காணுறது? பெரிய லீக் எண்டால் தீவுப் பிள்ளையளெல்லாம் ஊர்காவற்றுறைக்கு, எங்கட பள்ளிக்கூடத்துக்கு ஓடிவருங்கள் எண்டு நினைச்சன்.

எங்க வந்தது? பட்டணத்துப் பள்ளிக்கூடக்காரர் எங்கட பிள்ளையளைக் கண்டிட்டாங்கள். விடுதி தாறம், சப்பாத்துத் தாறம் எண்டு நிலாந்தினியைக் கூட்டிக்கொண்டு போயிட்டாங்கள். மண்டைதீவுப் பிள்ளையளைக் கேட்டால், அதே லீக்தானே மாஸ்டர், எங்களுக்குப் பட்டணம் கிட்ட எண்டுதுகள். மிஞ்சினது உங்கட அனலைதீவு. இங்க கடல் குறுக்க நிக்குது.

ஓம், ஓம், மறக்கேல்ல. போன மாசம் ஆட்டம் முடிய ஐஞ்சரை. கடைசிப் படகு போயிட்டுது. உம்மட மகள் கிறிஸ்ரினா கன்னியர்மடத்தில படுத்திட்டு வந்தவள். ஊர்வாய் சொன்னதெல்லாம் என்ர காதிலயும் விழுந்தது. உம்மட இடத்தில நான் நிண்டாலும் பிள்ளையை மறிச்சிருப்பன்.

கத்தாதையும். எழுபத்தொரு வயசில சத்தியெடுத்துக்கொண்டு உந்தப் படகில வந்தனான். ஆரிட்டையும் கெஞ்சிப் பழக்கமில்லை. இப்ப கெஞ்சுறன். உம்மட மகளைப்போல பந்து எறியிற பிள்ளையை முப்பது வருசத்தில நான் காணேல்ல. மற்ற நாலும் சப்பாத்தைப் போட்டுக்கொண்டு பள்ளிக்கூட வாசலில நிக்குதுகள், ஐசே. நான் வெறுங்கையோட போய் என்னத்தைச் சொல்ல?

இல்லை, பின்னேரம் இல்லை. இனி எங்கட ஆட்டமெல்லாம் காலமை ஒன்பது மணிக்கு. முதல் படகில போனால் மத்தியானப் படகில வீடு. இண்டைக்குத்தான் மாத்தினவங்கள்.

நானோ மாத்துவிச்சது? நான் மூண்டு கடிதம் போட்டனான். எந்த அலுமாரிக்குள்ள கிடக்குதோ. ஒரு தாய் போய் லீக் கந்தோரில கதிரையை இழுத்துப் போட்டு இருந்திட்டா. எங்கட கடைசிப் படகு எத்தினை மணிக்கெண்டு தெரியுமோ, தெரியாட்டி நீங்களே பிள்ளையைக் கொண்டுவந்து வீட்டில விடுங்கோ எண்டு கேட்டவாவாம். அந்த இடத்திலயே நேரத்தை மாத்தி எழுதிப்போட்டாங்கள்.

ஆரெண்டு பிறகு கேளும். பிள்ளையை விளையாட விடுற சம்மதப் பத்திரம் அவவின்ர கையில. கையெழுத்தும் வைச்சாச்சு. தேப்பன் ஓமெண்டால் குடுப்பன், இல்லாட்டிக் கிழிப்பன் எண்டு அங்கயே நிக்கிறா.

இந்தாரும், போனைப் பிடியும். வந்ததில இருந்து நான் லைனை வெட்டேல்ல. நீர் கத்தினதும் கேட்டிருக்கும். காலமை சந்தைக்கெண்டு சொல்லிப்போட்டுப் போனவாவெல்லோ உம்மட மனுசி, அவதான். அல்போன்சம்மா.