வண்டியை வெளியே விட்டுவிட்டு

தாழைமேடு காவல் நிலையம். நாள்: 19.8.2013. எதிர்மனுதாரர் சொல்லச் சொல்ல எழுதப்பட்டது.

என் பெயர் பாக்கியமேரி. வயது 34. கணவர் பெயர் வளன். திண்டிவனம் வட்டம், தாழைமேடு, மாதா கோயில் தெருவில் குடியிருக்கிறேன். தையல் வேலை செய்கிறேன். கைக்குழந்தையாக இருந்தபோது இளம்பிள்ளை வாதம் வந்ததில் எனக்கு இரண்டு கால்களும் வழங்காது. கையால் சுற்றி ஓட்டும் மூன்று சக்கர வண்டியில்தான் எங்கும் போய் வருகிறேன். என் கணவர் ஊர் முனையில் வெல்டிங் பட்டறை வைத்திருக்கிறார்.

எங்கள் ஊரை ஒட்டிய காட்டில் பாதை போட்டு, ஏரிக்கரையில் பெஞ்சு வைத்து, போன வருடம் வன நடைப்பூங்கா என்று திறந்தார்கள். அதைக் குத்தகைக்கு எடுத்து நடத்துகிறவர்தான் புகார் கொடுத்திருக்கும் அரங்கநாதன். வாசலில் ஜீப் போக ஒரு பெரிய கேட் உண்டு, அது எப்போதும் பூட்டிக் கிடக்கும். அதை ஒட்டி ஆட்கள் நடந்து போகிற சின்ன வழி. மாடும் மோட்டார் பைக்கும் நுழையாமல் இருக்க அந்த வழியின் நடுவில் ஒரு இரும்புக் குழாயை நட்டு வைத்திருந்தார்கள். உள்ளே நல்ல சிமெண்டுப் பாதை, என் வண்டி அலுங்காமல் போகும். குறுக்கே நின்றது அந்தக் குழாய் ஒன்றுதான்.

திறப்பு விழா அன்று அரங்கநாதன் ஆள் அனுப்பி என்னை வரவழைத்து, பெரிய கேட்டைத் திறந்து, வண்டியோடு உள்ளே விட்டு, சிரிக்கச் சொல்லி போட்டோ எடுத்தார். போட்டோ எடுத்து முடிந்ததும் வெளியே போகச் சொல்லிவிட்டார். ஏரி வரைக்கும்கூட விடவில்லை. அதன் பிறகு அந்தப் படத்தைப் பெரிய பேனராக அடித்து, 'எல்லோருக்கும் வனம்' என்று எழுதி வாசலுக்கு மேலே கட்டினார்.

அதன் பிறகு எங்கள் கோயில் திருவிழா முடிந்த மறுநாள் நானும் என் கணவரும் டிக்கெட் வாங்கிக்கொண்டு ஏரி பார்க்கப் போனோம். காவலாளி மாரியப்பன் என்னை நிறுத்தி, வாகனங்களுக்கு அனுமதி இல்லை என்ற போர்டைக் காட்டி, "வண்டி உள்ள போவக்கூடாதும்மா" என்றார். நான், "செருப்பு போட்டுக்கினு போறவங்கள நிறுத்தறீங்களா? எனக்கு இதான் செருப்பு. மேல பேனர்ல இருக்கறது யாருன்னு பாருங்க" என்றேன். அவர் மேலே பார்த்தார், என்னைப் பார்த்தார், தலையைச் சொறிந்துகொண்டு அரங்கநாதனைக் கூப்பிட்டார்.

அரங்கநாதன் விருந்தாளிகள் சிலரோடு வந்தார். "இன்னாம்மா பேஜாரு பண்ற? வண்டிய வெளிய வுட்டுட்டு உள்ள போ. யாரு வேணாம்னா? புருசன் இருக்கான் இல்ல, தூக்கிக்கினு போவட்டும்" என்றார். என் கணவர் என்னைத் தூக்கிக்கொண்டார். குழாய்க்கும் சுவருக்கும் நடுவே ஒருக்களித்து நுழையும்போது அவர் கால் இடறி, என்னோடு சேர்ந்து விழுந்தார். நான் அவர் கை மேல் விழுந்தேன். அவர் மணிக்கட்டு எலும்பு உடைந்தது. அரங்கநாதன் தன் கூட வந்தவர்களிடம், "ஜோடிப் பொருத்தம் சூப்பரு" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். கீழே கிடந்தவர் முகத்தை அவர் குனிந்துகூடப் பார்க்கவில்லை.

கட்டுப் பிரிக்கும் வரை பட்டறை மூடிக் கிடந்தது. என் கணவர் அதை மறந்துவிடச் சொன்னார். அவர் சாது. நான் சாது இல்லை. எனக்கு அன்றிலிருந்து சோறு இறங்கினாலும் ஆத்திரம் இறங்கவில்லை. என் மூஞ்சியைத் தலைக்கு மேலே கட்டிவிட்டு என்னைக் கீழே தள்ளியவனுக்குத் திருப்பிக் கொடுக்க வேண்டும் என்றே இருந்தேன். பழிவாங்கும் நோக்கமா என்று ஐயா கேட்டீர்கள். ஆமாம், அதுவேதான்.

அதன் பிறகு, ஊனமுற்றோருக்கு ஏற்ற பூங்கா என்று அரங்கநாதனுக்கு விழுப்புரத்தில் பாராட்டுப் பத்திரம் கொடுக்கப் போவதாக ஊருக்குள் பேசிக்கொண்டார்கள். அந்த விழா நாளும் சம்பவ நாளுமான நேற்றுக் காலை அவர் ஜீப் உள்ளே நின்றதைப் பார்த்துக்கொண்டேன். மாரியப்பன் டீ குடிக்கப் போயிருந்தார். பெரிய கேட் வெளிப்பக்கமாகத்தான் திறக்கும். நான் அதை ஒட்டி வண்டியைக் குறுக்கே நிறுத்தி, இரண்டு பின்சக்கரங்களிலும் சங்கிலியைக் கோத்து, நடுவழிக் குழாயில் சுற்றிப் பூட்டினேன். அதன் பிறகு கையை ஊன்றித் தவழ்ந்து, குழாயைத் தாண்டி உள்ளே போனேன். வண்டியை வெளியே விட்டுவிட்டு உள்ளே போகச் சொன்னார்கள். அப்படியே செய்தேன்.

பாதி தூரத்தில் அரங்கநாதன் வெள்ளை வேட்டி சட்டையில் ஓடி வந்து, "சாவி எங்க?" என்று கத்தினார். "மாதாகிட்ட இருக்கு" என்றேன். அவர் உடனே மாரியப்பனை ஊருக்குள் விரட்டி, கோயிலுக்குப் பக்கத்தில் மாதா சிலை வைத்த குகை போன்ற கெபியில் தேடச் சொன்னார். அங்கே பூச்சாடி, மெழுகுவர்த்தித் தட்டு எல்லாவற்றையும் கவிழ்த்துப் பார்த்ததாகப் பிறகு கேள்விப்பட்டேன். நான் பொய் சொல்லவில்லை. சாவி என் கழுத்தில், மாதா படம் தைத்த உத்தரியக் கயிற்றோடு சேர்த்துக் கட்டியிருந்தது. கேட்ட கேள்விக்குப் பதில் சொன்னேன், அவ்வளவுதான்.

அதன் பிறகு அவர் வெல்டிங் ஆளைக் கூட்டிவரச் சொன்னார். சுற்றுவட்டாரத்தில் இரும்பு அறுக்க கேஸ் வைத்திருப்பவர் என் கணவர் ஒருவர்தான். அது எனக்கு முன்பே தெரியுமா என்றால் தெரியும். ஆனால் இந்தத் திட்டத்தை நான் அவரிடம் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் சங்கிலியை ஒளித்து வைத்திருப்பார்.

இனி வருவது என் கணவர் பிறகு சொல்லக் கேட்டது. அவர் சிலிண்டரோடு வந்தபோது அரங்கநாதனுக்கு அவரை அடையாளம் தெரியவில்லை. எப்படித் தெரியும்? என் கணவர் வண்டியைப் பார்த்தார், என்னைத் தேடினார், பிறகு பேனரைப் பார்த்தார். "எத அறுக்கணும் சார்?" என்று கேட்டார். அரங்கநாதன், "கண்ணு தெரியலயா? வழிய அடைச்சிக்கினு இருக்கறத அறுத்துப் போடுய்யா, ஜல்தி!" என்று சொல்லிவிட்டு, போனில் பேசிக்கொண்டே ஜீப்புக்கு ஓடினார்.

என் கணவர் குழாயைத் தரையோடு அறுத்தார். சங்கிலி தானாக உருவிக்கொண்டு வந்தது. வண்டியை நகர்த்தினார், கேட் திறந்தது, ஜீப் போனது. விழுப்புரத்தில் அதற்குள் விழா முடிந்து நாற்காலியை அடுக்கிக்கொண்டிருந்தார்களாம். அதைக் கேட்டு என் வயிறு குளிர்ந்தது. இதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

நான் அப்போது ஏரிக்கரை பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். உள்ளங்கையெல்லாம் தோல் உரிந்திருந்தது. தண்ணீரில் கொக்கும் முக்குளிப்பானும் இருந்தன. பெண் காவலர் வந்து அழைத்தபோது, என் கணவர் சின்ன வழியாகவே வண்டியை உள்ளே தள்ளிக்கொண்டு வந்தார். போகும்போது தவழ்ந்து போன நான், வரும்போது என் வண்டியில், என் கையால் ஓட்டி, என் பேனருக்கு அடியில் வெளியே வந்தேன்.

வழிமறித்ததற்கும் குழாயைச் சேதப்படுத்தியதற்கும் மன்னிப்பு எழுதிக் கொடுத்து, குழாயைத் திரும்ப நட்டுத் தந்தால் புகாரை வாபஸ் வாங்குவதாக அரங்கநாதன் சொல்வதாக ஐயா தெரிவித்தீர்கள். மன்னிப்பு கேட்கமாட்டேன். என் கணவரும் குழாயை நட்டுத் தரமாட்டார். வேறு யாரையாவது வைத்து அவர் நட்டுக்கொள்ளட்டும். நட்ட அன்றைக்கே நான் மறுபடியும் வண்டியை வெளியே விட்டுவிட்டு உள்ளே போவேன். சங்கிலியும் சாவியும் என்னிடம்தான் இருக்கின்றன.

இவை யாவும் நானாகச் சொன்னவை. யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை, மிரட்டவும் இல்லை. எழுதியதை வாசித்துக் காட்டக் கேட்டேன். நடந்தது நடந்தபடியே இருக்கிறது. கையில் காயம் இருப்பதால் கையெழுத்து கோணலாக இருக்கும், ஆனால் என்னுடையதுதான்.

(ஒப்பம்)
வ. பாக்கியமேரி