இரண்டாவது துண்டு

தேநீரில் சர்க்கரை குறைந்தால்கூட முகம் சுளிக்காத ஆள் நான். அலுவலகத்தில் யாரை வேண்டுமானாலும் கேட்டுப் பாருங்கள் ஐயா, என் குரல் உயர்ந்து ஒருவரும் கேட்டதில்லை.

மருத்துவமனைக் கணினிப் பிரிவில் என் தங்கை கணவரைச் சேர்த்துவிட்டவன் நான்தான். ஒரே வருடத்தில் அவர் எனக்கே மேலதிகாரி ஆகிவிட்டார். பொறாமை என்பீர்கள். இருக்கட்டும், வயிறு எரிந்தது உண்மைதான். "எங்க அண்ணன் இவர்கிட்டதான் வேலை செய்றார்" என்று தங்கை வேறு வருகிறவர்களிடமெல்லாம் சிரித்துக்கொண்டே சொல்வாள்.

அவர் பெயர் வாங்கியது ஒரு சின்ன நிரலால். சிகிச்சைக் கருவிகளின் நிலை எங்கள் திரையில் வரிவரியாக வரும்: முதலில் கருவியின் பெயர், அடுத்து 'ஓடுகிறது' அல்லது 'நின்றது', கடைசியில் அறை எண். அவருடைய நிரல் இடைவெளி கண்ட இடமெல்லாம் வரியை வெட்டும். இரண்டாவது துண்டு 'நின்றது' என்றிருந்தால் செவிலியர் அறையில் மணி அடிக்கும். பெயர்களை நாங்கள் அடிக்கோடு போட்டு ஒட்டியே எழுதுவது வழக்கம் என்பதால் அது தவறாமல் ஓடிக்கொண்டிருந்தது.

"பேர்ல இடைவெளி வந்துட்டா என்ன பண்ணுவீங்க மாப்பிள்ளை?" என்று கேட்டேன்.

"அதெப்படி மச்சான் வரும்? பேர் வைக்கிறதே நீங்கதானே!" என்று தோளைத் தட்டினார்.

அந்தத் தட்டுதான் எனக்குப் பொறுக்கவில்லை.

குழந்தைகள் பிரிவுக்குப் புதிய கருவி வந்தது. 'குழந்தைகள் சுவாசக்கருவி' என்று நடுவில் இடைவெளி விட்டுப் பெயர் வைத்தேன். இனி அந்த வரியின் இரண்டாவது துண்டு 'சுவாசக்கருவி'தான். ஓடினாலும் நின்றாலும் மணி அடிக்காது. ஒரு தடவை தவறட்டும், நாலு பேர் முன்னால் அவர் மூக்கு உடையட்டும் என்று மட்டும்தான் நினைத்தேன்.

மதியம் எல்லோரும் சாப்பிடப் போயிருந்தபோது அந்த வரி மாறியது. நின்றது என்று காட்டியது. நான் எதிர்பார்த்தபடியே மணி அடிக்கவில்லை. கருவி தன்பாட்டுக்குக் கீச்சிட்டிருக்கும். செவிலியரோ மணியை நம்பிக் கதவுக்கு அப்பால் இருந்தார். தொலைபேசியை எடுத்துப் பாதி எண்ணை அழுத்தியும் விட்டேன். சொல்லிவிட்டால் குழந்தை பிழைத்துக்கொள்ளும். ஆனால் அப்புறம் அவருடைய தவறு யாருக்குத் தெரியும், சொல்லுங்கள். தொலைபேசியை வைத்துவிட்டு, திரையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

குழந்தையின் அம்மா போட்ட கூச்சல் எங்கள் மாடி வரைக்கும் கேட்டது.

விசாரணையில் மாப்பிள்ளை அழுதுகொண்டே, "தப்பு என்னோடதுதான், நான்தான் யோசிச்சிருக்கணும்" என்றாராம். பெயர் வைத்தது யார் என்று வாய் திறக்கவில்லை. நல்ல மனுஷன், அதில் எனக்குச் சந்தேகமே கிடையாது. இப்போது என்னடாவென்றால், நிரலில் இருந்த ஓட்டையைக் கண்டுபிடித்ததே அவர்தான் என்று ஆளாளுக்குப் பேசிக்கொள்கிறார்கள்.

அதைத் திருத்தத்தான் வந்தேன் ஐயா. முதலில் கண்டுபிடித்தவன் நான்.