வாசனையின் வேலை

இந்த மர நாற்காலி எனக்கு ஒத்துக்கொள்ளாது, நின்றுகொண்டே பேசுகிறேன். முதுகு அப்படி. தப்பாக நினைக்காதீர்கள். வெயில் ஏறுவதற்குள் முடித்துவிடலாம், சொல்ல வேண்டியது அதிகமில்லை.

என் பெயர் பலராமன். கீழ்பென்னாத்தூர் பக்கம் ஒரு கிராமம். எண்ணெய், எரிவாயுத் திட்டங்களில் செலவைக் குறைப்பது என் தொழில். சுத்திகரிப்பு ஆலை, கடலுக்கடியில் போகும் குழாய், பாலைவனத்தில் நிற்கும் தொட்டி என்று எல்லா இடத்திலும் அதையேதான் செய்தேன். மற்றவர்கள் கட்டுவார்கள், நான் கழிப்பேன். என்னால் உண்டானது என்று காட்ட ஒரு செங்கல் கூடக் கிடையாது. ஐம்பதைத் தாண்டியதும் அந்த வேலை ஒருவிதமான அசதியைக் கொடுத்துவிட்டது. தூங்கி எழுந்தாலும் போகாத அசதி. திருவண்ணாமலையில் குழாய் வழியாக எரிவாயு கொடுக்கும் கம்பெனிக்கு ஆள் வேண்டும் என்றதும் அதனால்தான் வந்தேன். சின்ன ஊர், சின்னத் திட்டம், வேங்கிக்காலில் வாடகை வீடு. மீதி நாளை ஓட்டிவிடலாம் என்று பார்த்தேன்.

செங்கம் சாலையில் ஆசிரமத்தைச் சுற்றியிருக்கும் விடுதிகளுக்கும் காபிக்கடைகளுக்கும்தான் முதலில் இணைப்பு கொடுத்திருந்தார்கள். குழாயில் வரும் வாயுவுக்கு இயல்பாக மணம் கிடையாது. கசிந்தால் தெரிய வேண்டும் என்பதற்காக, ஊருக்கு வெளியே உள்ள எங்கள் நிலையத்தில் ஒரு மருந்தைச் சொட்டுச் சொட்டாகக் கலப்போம். அழுகிய முட்டைக்கோஸ் போல நாறும். நாறினால் ஜனங்கள் போன் பண்ணுவார்கள். பண்ணினால் வண்டி போக வேண்டும், கூட ஆட்கள் போக வேண்டும். போய்ப் பார்த்தால் பெரும்பாலும் ஏதோ ஒரு நட்டு தளர்ந்திருக்கும். பௌர்ணமியில் இன்னும் மோசம். கிரிவலக் கூட்டத்துக்குள் வண்டி நுழைய முடியாது. ஆகவே ஆசிரமத்துக்குப் பக்கத்திலேயே இன்னொரு வண்டி விடிய விடிய நிற்கும், ஆட்கள் அதற்குள் உட்கார்ந்து சுண்டல் தின்பார்கள்.

திட்ட மேலாளர் சக்திவேல் ஒருநாள் என் மேஜைக்கு வந்தார். "பலராமன் சார், இந்த வண்டிச் செலவுதான் என் கழுத்த நெரிக்குது. உங்க வித்தையக் கொஞ்சம் காட்டுங்க."

என் வித்தை எளிது. ஒரு பொருளைக் காட்டி இது என்ன என்று கேட்க மாட்டேன், இது என்ன செய்கிறது என்று கேட்பேன். எல்லோரையும் உட்காரவைத்து, ஒவ்வொன்றின் வேலையையும் இரண்டே சொல்லில் சொல்லச் சொல்வேன். அதே வேலையைக் குறைந்த செலவில் செய்ய முடியுமா என்பது அடுத்த கேள்வி. குழாய், வாயுவைக் கடத்துகிறது. வால்வு, ஓட்டத்தை நிறுத்துகிறது. வாசனை மருந்தின் முறை வந்தபோது, நிலையத்தைப் பார்த்துக்கொள்ளும் அன்பரசன், "ஆளை உஷார் பண்ணுது சார்" என்றான்.

அதை நான் பலகையில் எழுதவில்லை. 'புகாரை உண்டாக்குகிறது' என்று எழுதினேன்.

எல்லோரும் சிரித்தார்கள். சக்திவேல் மட்டும் சிரிக்கவில்லை. பலகையையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு என்னைப் பார்த்துத் தலையசைத்தார். அவர் வாயால் எதுவும் சொல்லவில்லை என்பதையும் நீங்கள் எழுதிக்கொள்ளலாம்.

அன்பரசன் மீது பழி போட வேண்டாம். மருந்தைக் குறை என்று நான் சொன்னதைத்தான் அவன் செய்தான். அதுவும் முதல் தடவையே தயங்கினான்.

"புதுக் குழாய் சார். பாதி வாசனைய அதுவே குடிச்சிடுது. இன்னும் கம்மி பண்ணா செங்கம் ரோடு கடைசில ஒண்ணுமே தெரியாது."

"தெரிஞ்சா கூப்புடுவாங்க, அன்பு. அதான பிரச்சனை."

"பரிசோதனைல மாட்டிக்குவோம் சார்."

"மருந்து கலக்கற எடத்துக்குப் பக்கத்துலயே எடுத்துக் காட்டு. அங்க ஜாஸ்தியாத்தான் இருக்கும்."

அளவு காகிதத்தில் சரியாகவே இருந்தது. புகார்கள் குறைந்தன. கசிவுகள் குறைந்தனவா என்று யாரும் கேட்கவில்லை, நானும் அந்தக் கேள்வியைப் போட்டுக்கொள்ளவில்லை. அந்தத் தெருக்களில் இன்னும் நாறுகிறது என்று சொல்ல மிச்சமிருந்தது ராணியம்மாள் மட்டும்தான்.

அந்த அம்மாவுக்கு நான்கு அறை கொண்ட விடுதி. சொந்தக் கட்டடம். விருந்தாளிகளுக்குத் தானே சமைப்பார். சில மதியங்களில் நானும் அங்கே சாப்பிட்டிருக்கிறேன், நல்ல கை. அந்தப் பழக்கத்தில் ஆபீசுக்குக் கூப்பிடாமல் நேராக எனக்கே போன் போடுவார்.

"இன்னா சார், உங்க கேஸு திரும்பியும் லேசா நாறுது. மேல் ரூம்ல இருக்கற வெள்ளக்காரம்மா மூக்கப் புடிச்சிக்கினு தியானம் பண்ணுது."

"சாக்கடையா இருக்கும்மா."

"நாலு ரூமு கக்கூஸ் கழுவுற மூக்கு சார் இது. சாக்கடை எது, கேஸு எதுன்னு அதுக்குத் தெரியாதா?"

நானே போய்ப் பார்த்தேன். சமையலறைச் சுவருக்குள் குழாய் திரும்பும் இடத்தில் கசிவு. மிக லேசாகத்தான் தெரிந்தது, ஆனால் தெரிந்தது. சரிசெய்ய சுவரை உடைக்க வேண்டும். உடைக்கப் புகார் பதிய வேண்டும். அந்த மாதம் செங்கம் சாலையில் ஒரு புகார் கூட இல்லை என்று காட்டித்தான், வரப்போகும் பௌர்ணமியிலிருந்து இரண்டாவது வண்டியை எடுத்துவிடலாம் என்று முடிவாகியிருந்தது. ஒரே ஒரு சுவருக்காக அத்தனையும் கலைந்துபோகும். நான் மிகவும் களைத்திருந்தேன். அதைச் சாக்காகச் சொல்லவில்லை, கேட்டீர்கள் என்பதால் சொல்கிறேன்.

"ஜன்னலத் தொறந்தே வைங்கம்மா, ஏற்பாடு பண்றேன்" என்று சொல்லிவிட்டு நேரே நிலையத்துக்குப் போனேன். மருந்தை இன்னும் குறைக்கச் சொன்னேன். அன்பரசன் கையைக் கட்டிக்கொண்டு நின்றான். மருந்து சொட்டும் வால்வை நானே திருகினேன்.

சில நாள் கழித்து ராணியம்மாள் போன் செய்தார். குரலில் சந்தோஷம்.

"சார், இப்ப நாத்தமே இல்ல. சரி பண்ணிட்டீங்களா? ஆளு வந்த மாதிரியே தெரியலியே."

"வெளிய இருந்தே பண்ணியாச்சும்மா."

"நல்லா இருப்பீங்க. பௌர்ணமிக்கு எல்லா ரூமும் ஃபுல்லு. கிரிவலம் வர்றவங்க சத்தம் உள்ள தூங்கவே விடாது. ஜன்னல சாத்திக்கட்டுமா?"

இந்த இடத்தை நீங்கள் இரண்டு முறை கேட்டுவிட்டீர்கள். நான் யோசித்தேனா என்று. யோசித்தேன். திறந்தே வையுங்கள் என்றால், ஏன் என்று கேட்பார். அந்த அம்மா கேட்காமல் விடுகிறவர் இல்லை.

"சாத்திக்குங்க" என்றேன்.

பௌர்ணமி முடிந்த விடியலில் விருந்தாளிகளுக்குக் காபி போட அடுப்பைப் பற்றவைத்திருக்கிறார். சமையலறைச் சுவர் பக்கத்து வீட்டு மாடிப்படியில் விழுந்து கிடந்தது. சாலையில் கூட்டம் இன்னும் கலையவில்லை. எங்கள் வண்டி போய்ச் சேர்ந்தபோது அக்கம்பக்கத்தார் ஈரச்சாக்கால் தீயை அணைத்து முடித்திருந்தார்கள். ராணியம்மாள் ஆஸ்பத்திரியில் கொஞ்ச காலம் இருந்தார். நான் போய்ப் பார்த்தேன். ஆரஞ்சுப் பழம் வாங்கிப்போயிருந்தேன், அவரால் சாப்பிட முடியவில்லை. அடையாளம் தெரிந்து, "நாத்தமே வரல சார்" என்றார். புகாராகச் சொல்லவில்லை. எனக்குத் தகவல் தெரியட்டும் என்பது போலச் சொன்னார். அதற்குப் பிறகு அவர் பேசியதாக யாரும் சொல்லவில்லை.

ஆம், அளவைக் குறைத்தது நான். கசிவு இருப்பது தெரிந்தும் பதியாமல் விட்டது நான். சரிசெய்துவிட்டதாகச் சொன்னதும் நான்தான். மறுக்கவில்லை. ஆனால் அவரைக் கொல்ல வேண்டும் என்று நான் நினைக்கவில்லை. இருக்கிற எதையும் நான் அழிக்கவில்லை. தேவைக்கு மேல் இருந்ததைக் கழித்தேன், அவ்வளவுதான். வாழ்க்கை முழுக்க எனக்குச் சம்பளம் கொடுத்தது அதற்குத்தான்.

கடைசியாக ஒன்று கேட்டீர்கள். ஊழியர் வீடுகளுக்கு இணைப்பு இலவசம் என்று கம்பெனி சொன்னபோது, நான் மட்டும் ஏன் வாங்கவில்லை, பயந்துதானே என்று. நீங்கள் நினைப்பது போல அதில் உள்நோக்கம் எதுவும் இல்லை. என் மனைவி ரேவதிக்குக் கொரோனா வந்துபோனதிலிருந்து மோப்பமே கிடையாது. மல்லிகைப் பூவும் தெரியாது, அடிப்பிடித்த சோறும் தெரியாது. இந்த ஊருக்கு வந்ததும் நான் செய்த முதல் காரியம், இருந்த சிலிண்டரைத் திருப்பிக் கொடுத்துவிட்டுக் கரண்ட் அடுப்பு வாங்கியதுதான். வாசனை தெரியாத ஒருவரை எரிவாயுவோடு ஒரே அறையில் விட்டு வைக்கலாமா? மனசாட்சி உள்ள எவனும் அதைச் செய்ய மாட்டான்.