கிழங்குக்குக் காவல்

பெரம்பலூரிலிருந்து அரியலூர் போகும் பஸ்ஸில் முன்சீட்டில் உட்கார்ந்திருந்தேன். கண்டக்டர் நகர்த்திய பையை ஒரு பெண் பாய்ந்து பிடித்துக்கொண்டாள்.

“இஞ்சின் மேல வைக்காதீங்கண்ணே, சூட்டுல உள்ள இருக்கிற உசுரு போயிரும்.”

பக்கத்தில் இருந்த அம்மாள் எட்டிப் பார்த்தாள். “கோழிக்குஞ்சா?”

“நுண்ணுயிர்த் தூளுக்கா. இதைக் கரைச்சு, கண்வலிக்கிழங்கை நனைச்சு நட்டா அழுகாது, கொடியும் செழிப்பா வரும்.”

“முன்னாடி போட்டிருக்கியா?”

“போன வருசம் எங்க வூட்டுக்காரரு, ரெட்டைக் காவலா இருக்கட்டும்னு அழுகலுக்கு அடிக்கிற ரசாயன மருந்தையும் இதோட சேர்த்துக் கரைச்சுட்டாரு. அது இந்த உசுரையெல்லாம் கொன்னுடுச்சு. பாதிக் கிழங்கு அழுகிப்போச்சு. இந்த வருசமும் போனா விதைக்குக்கூட மிஞ்சாதுக்கா.”

“அவரைத் திட்டலையா?”

“நல்லதுன்னு நெனச்சுத்தானே செஞ்சாரு. இந்தத் தடவை நான் கரைக்கிறேன்னு மட்டும் சொன்னேன்.”

“ஒத்துக்கிட்டாரா?”

“நீயே பார்த்து வாங்கிட்டு வான்னு காலையில பஸ் ஏத்திவிட்டதே அவருதான்.”