வெயில்ல இடிச்ச இடி

...மேகம் ஒரு துளி கிடையாதுண்ணே! வெயில் மண்டையப் பொளக்குது. அதுல எப்படி இடி இடிக்கும்? நீங்களே சொல்லுங்க. சொல்லாட்டிப் போங்க, குடிங்க மொதல்ல. திராட்சை மதுவுல தண்ணி கம்மியாத்தான் கலந்திருக்கேன். தாராள மனசுன்னு நெனச்சிராதீங்க. தண்ணி இல்ல, அவ்ளோதான்.

அந்தா, வாசல்ல சிங்கமூஞ்சிக் குழாய் தெரியுதுல்ல? வாயைப் பொளந்துக்கிட்டு ஒக்காந்திருக்கு, ஒரு சொட்டு வராது. போன வருஷம் தெருவுக்கும் தண்ணிக்கும் அதிகாரியா வந்தான் கலேனுஸ். வந்ததும் ஈயக் குழாயைத் திருப்பித் தன் குளியல்கூடத்துக்கு விட்டுட்டான். ஊரே அங்க போயி ஊறுது, நான் இங்க காயுறேன். இன்னொரு வருஷம் இப்படின்னா கடைய மூட வேண்டியதுதான்.

அதான் இந்த வருஷத் தேர்தல்ல அவனுக்கு எதிரா என் தம்பி ஒப்பியுஸை நிக்க வச்சேன். பொம்பளைக்கு ஓட்டு கிடையாது, சரி. சுவரு கூடவா கிடையாது? 'ஒப்பியுஸுக்கே போடுங்க, அவன் அக்கா கேக்குறா'ன்னு செவப்புல பெருசா எழுத வச்சேன். அவனும் பாவம்... தேர்தல்ல நிக்கிறவன் அங்கி வெள்ளையாத் தெரியணும்னு சுண்ணாம்புப் பொடியப் பூசிப் பூசி, தும்மிக்கிட்டேதான் ஓட்டுக் கேட்டான்.

முந்தாநேத்து தேர்தல். பாதி எண்ணியாச்சு, தம்பி முன்னால நிக்கிறான். திடீர்னு கடகடகடன்னு சத்தமாம்! சகுனம் பாக்குற கிழம் எந்திரிச்சு, 'இடி! வானத்துச் சாமி யூப்பிட்டருக்கு இஷ்டமில்ல, தேர்தல் செல்லாது'ன்னுடுச்சு. அவ்ளோதான், எல்லாரும் வீட்டப் பாத்துப் போயிட்டாங்க! சட்டமாம். என்ன பெரிய சட்டம்? அந்தக் கிழம் கலேனுஸுக்கு மாமன் முறை, வேறென்ன?

எனக்கு மட்டும் ஏன் இடி கேக்கல? நான் இங்கதானே இருந்தேன். தம்பி ஜெயிச்சா ஊருக்கே ஊத்தணுமேன்னு அந்த வேலையாத்தானே கெடந்தேன்.

இன்னிக்கு மறுபடி நடக்குது. இந்தா, சுவத்துக்கு அந்தப் பக்கம் திடல்லதான். கேக்குதா? 'ஒப்பியுஸ், ஒப்பியுஸ்'ங்கிறாங்க! ஜெயிச்சிருவாண்ணே...

அண்ணே, சும்மாதானே நிக்கிறீங்க, ஒரு கை குடுங்க. இந்தக் காலிப் பீப்பாயை நிலவறையில எறக்கி நெரப்பணும். முந்தாநேத்து ஒத்தையா உருட்டி இடுப்பே போச்சு. கல்படிதான். விடுங்க, அதுவாப் போகும்...

கடகடகடகட...

அப்பாடி! என்னா சத்தம்!

என்னண்ணே, திடல் திடீர்னு அமைதியாயிருச்சு? யாரு கத்துறா? என்னது... 'இடி'யா?

...

ஏண்ணே என்னைய அப்படிப் பாக்குறீங்க?

அண்ணே... அண்ணே! கோப்பைய வச்சிட்டு எங்க நழுவுறீங்க? சரி, போறதுன்னா போங்க. தம்பி வந்து கேட்டா, நீங்கதான் உருட்டுனீங்கன்னு சொல்லிருவேன்.