கண்ணாடிக் கொட்டகையும் கரியமில வாயுவும்

(விருதுநகர் அறிவியல் கண்காட்சித் திறப்பு விழாவில், 1959இல், ஆசிரியை இசபெல் ஆற்றிய உரை)

அவைக்குத் தலைமை ஏற்றிருக்கும் பெரியவர் லட்சுமிகாந்தம் அவர்களே, ஆமத்தூரிலிருந்தும் சாத்தூரிலிருந்தும் வேலை முடித்த கையோடு வந்திருக்கும் சான்றோர்களே, மடியில் மகவும் மனத்தில் அறிவுத் தாகமும் ஏந்தி வந்த தாய்மார்களே, உங்கள் அனைவரையும் வணங்குகிறேன்.

விஞ்ஞானம் எங்கே இருக்கிறது? ஆய்வுக்கூடத்திலா? அயல்நாட்டிலா? சென்ற ஐப்பசியில் அது நாரணாபுரத்தில் இருந்தது. நான் கண்டேன்.

அங்கே பட்டாசுக் கம்பெனி நடத்தும் நல்லசிவம் அண்ணாச்சிக்கு அடைமழையால் சரக்கு காயவில்லை. மழை விடும் வேளையில் வரும் வெயிலைப் பிடித்து வைக்க, கூரையும் சுவரும் கண்ணாடியாலான கொட்டகை ஒன்றைக் கட்டினார். அதைப் பார்க்கப் பெருமையோடு என்னை அழைத்தார். பள்ளியின் வெப்பமானியோடு போனேன். அன்று மழை வெறித்து வெயில் அடித்தது. கொட்டகைக்குள் நுழைந்தேன். பாதரசம் ஏறியது, ஏறியது, ஏறிக்கொண்டே இருந்தது. வெடிமருந்துத் தட்டுகளுக்கு நடுவே செல்லக்கனி என்ற பெண் திரி அடுக்கிக்கொண்டிருந்தாள்.

“அண்ணாச்சி, ஆளுகளையும் மருந்தையும் வெளிய கொண்டாந்துருங்க” என்றேன்.

“சீசன் போயிருமே டீச்சர். வெளிய குளுருது, உள்ள மட்டும் என்ன ஆயிரும்?”

“வெளிச்சம் கண்ணாடி வழியா உள்ள வந்துருது. தரை அதை வாங்கிச் சூடாகுது. அந்தச் சூட்டை வெளிய விடாமக் கண்ணாடி மறிச்சுக்கிடுது. உச்சிவெயில் வந்தா எம்புட்டு ஏறும்னு யாரு கண்டா?”

அவர் செல்லக்கனியைப் பார்த்தார். அவள் முகமெல்லாம் வேர்வை. “நிக்க முடியலதான் அண்ணாச்சி” என்றாள். அண்ணாச்சி வேட்டியை மடித்துக் கட்டி, முதல் தட்டைத் தாமே தூக்கினார்.

மூலையில் ஒரே ஒரு தட்டு விடுபட்டுப்போனது. நண்பகலில் அது வெடித்தது. கண்ணாடி தூள் தூளாயிற்று. உள்ளே ஒருவரும் இல்லை, பெரியோர்களே, ஒருவரும் இல்லை. அண்ணாச்சி அப்படியே மண்ணில் உட்கார்ந்துவிட்டார். செல்லக்கனி அழுதாள். நானும் அழுதேன். அந்த அண்ணாச்சி இதோ முன்வரிசையில் இருக்கிறார். கை தட்டுங்கள், தகும்.

நாம் வாழும் இந்தப் பூமியும் வானம் கூரையான ஒரு கண்ணாடிக் கொட்டகைதான். அதோ பந்தலில் ஒரு தாய் கேட்கிறார், “வானத்துல ஏது டீச்சர் கண்ணாடி?” என்று. அருமையான கேள்வி. கண்ணாடி இல்லை அம்மா, காற்று இருக்கிறது. காற்றிலுள்ள நீராவியும் கரியமில வாயுவும் வெயிலை உள்ளே விடுகின்றன. பூமி திருப்பி அனுப்பும் வெப்பத்தை வாங்கி, அதில் ஒரு பங்கை மறுபடி நமக்கே தருகின்றன. அவை இல்லாவிட்டால் கடல் உறையும், கம்பு விளையாது, காக்கை குருவியும் பிழைக்காது. இருப்பதால் வாழ்கிறோம். மிகுந்தால்? உலகெங்கும் ஆலையிலும் ரயிலிலும் கப்பலிலும் கரி எரிகிறது, கரியமில வாயு வானேறுகிறது. எவ்வளவு ஏறுகிறது என்று விஞ்ஞானிகள் இப்போதுதான் இடைவிடாமல் அளக்கத் தொடங்கியிருக்கிறார்கள்.

நாரணாபுரத்தில் வெளியே வர ஒரு வாசல் இருந்தது. இந்தப் பூமியை விட்டு எந்த வாசல் வழியே வெளியேறுவோம்? அளப்போம், அறிவோம், அளவறிந்து எரிப்போம். வானத்தை அளக்கப்போகும் அந்தக் கைகளுள் ஒன்று இந்தப் பந்தலில் அமர்ந்திருக்கும் ஒரு மாணவியின் கையாக இருக்கட்டும்.

இவ்வளவு நேரம் செவி தந்த உங்கள் அன்புக்கு என் நெஞ்சார்ந்த நன்றி. வணக்கம்.