பதினேழு நிமிடம்

காலை வண்டியில் எனக்கு எதிரே இரண்டு பேர். சாம்பியன் ரீப்ஸ் ஸ்டேஷனில் ஏறி, தினமும் பெங்களூருக்கு வேலைக்குப் போகிறவர்கள். ஒயிட்ஃபீல்டு வரை தூங்கிக்கொண்டு வந்தார்கள். விழித்ததும் ஜன்னலோரம் இருந்தவர் சொன்னார்:

“ஞாயித்துக்கெழமை வாட்ச் கண்காட்சிக்கு வாட்ச் கட்டாமத்தான் போவணும்.”

நான் பேப்பரை மடித்து வைத்தேன்.

“இன்னாபா, ஒரு மாசமா அந்தக் கண்காட்சியப் பத்தியேதான பேசினு இருந்த, கட்டினு போனா இன்னா?”

“பெரிய கம்பெனிங்க வராது. நாலஞ்சு பேரு சேந்து சின்னதா வாட்ச் பண்றாங்க இல்ல, அவங்கதான் வராங்க. செஞ்சவங்களே டேபிள் போட்டு உக்காருவாங்க. கட்டினு போனா, கழட்டித் தாங்கன்னு வாங்கிப் பாப்பாங்க.”

“பாக்கட்டுமே.”

“நேரம் தப்பா இருக்குதுன்னு முள்ளத் திருப்பிடுவாங்க.”

“நல்லதுதான?”

“வண்டிய வுட்டுடுவேன்னு என் வீட்டுக்காரிதான் பத்து நிமிசம் முன்னாடி வச்சா. அவ போய்ச் சேந்து நாலு மாசம் ஆவுது. தெனம் சாவி குடுக்கறேன், முள்ளத் தொடறதில்ல. அதுவா ஓடி இப்ப பதினேழு நிமிசம் முன்னாடி நிக்குது.”

மற்றவர் அவர் கையிலிருந்த வாட்சை எட்டிப் பார்த்தார். பிறகு, “அப்ப நேரம் பாக்க இன்னா பண்ற?” என்றார்.

“நேரம் பாக்கப் போன் இருக்குது.”

பெங்களூர் வரக் கால் மணி நேரத்துக்கு மேல் இருந்தது. ஜன்னலோரம் இருந்தவர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். பையை எடுத்துக்கொண்டு கதவருகே போய் நின்றார். வேறு யாரும் இன்னும் எழுந்திருக்கவில்லை.